முதலில் ராத்திரிக் கணக்கை எடுங்கள்

கேள்வி:

டாக்டர், என் அம்மாவுக்கு வயது 81. அப்பா போய் ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து அம்மா என்னோடுதான் இருக்கிறார். எனக்கு 54. கணவர் வேலை விஷயமாக மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். இரண்டு வருடமாக அம்மாவுக்கு மறதி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு வந்தது. இந்த இரண்டு மாதத்தில் ரொம்பவே மோசம். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகிறார். பாத்ரூமில் இரண்டு முறை விழுந்துவிட்டார், நல்லவேளை எலும்பு முறியவில்லை. சளிக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அப்படியும் ராத்திரி எழுந்து எழுந்து வாசல் கதவைத் திறக்கப் பார்க்கிறார். அவரைத் தூக்கித் தூக்கி என் முதுகு போய்விட்டது. நாலு மாதமாக டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் கோபத்தில் அம்மாவின் கையை அழுத்திப் பிடித்துவிட்டேன், சிவந்துபோய்விட்டது. வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம் முதியோர் இல்லம் என்று பேச்செடுத்தாலே, ‘நான் உயிரோடு இருக்கிறவரை அது நடக்காது’ என்கிறான். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இப்போது மணி மூன்றேகால். அம்மா இப்போதுதான் கண்ணயர்ந்தார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அடுப்பு அல்ல, பாத்ரூமில் விழுந்ததும் அல்ல. கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்றேகால் மணிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

“அந்த நேரம்” என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான குடும்பங்கள் அப்படி ஒரு நேரத்துக்காகக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இடுப்பு எலும்பு முறிய வேண்டும், இல்லையென்றால் பெரியவர் தெருவில் இறங்கிக் காணாமல்போக வேண்டும், இல்லையென்றால் பார்த்துக்கொள்கிறவரே மயங்கி விழ வேண்டும். அதற்குப் பிறகு முடிவு எடுப்பதில்லை, முடிவு தானாக நடந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் நாளை டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிடுவார்கள். எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே அவசரமாகச் சேர்ப்பார்கள். நீங்கள் அதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள். யோசிக்கவும் விசாரிக்கவும் கையில் நாள் இருக்கிறது.

ஆனால் இல்லத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. “இந்த இரண்டு மாதத்தில் ரொம்பவே மோசம்” என்று எழுதியிருக்கிறீர்கள். மறதி நோய் பொதுவாக இப்படித் திடீரென்று சரிவதில்லை. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல இறங்கும். வாரக்கணக்கில் ஒருவர் தலைகீழாக மாறினால், மறதியோடு வேறு ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம். டெலிரியம் என்று ஒன்று உண்டு. உடம்பில் எங்கோ கோளாறு, குழப்பம் மூளையில் தெரியும். காலையில் தெளிவாகப் பேசுவார், சாயங்காலம் ஆளே தெரியாது. இப்படி ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவது அதன் அடையாளம். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல் வெறும் குழப்பமாகவே தெரியலாம். பல நாள் மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் குறைவது, தண்ணீர் போதாமை இவற்றில் எதுவும் போதும். தைராய்டு குறைவு, பி12 பற்றாக்குறை இரண்டும் மறதியை நிஜத்தில் இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டும். மனச்சோர்வும் அப்படித்தான். கணவரை இழந்தவர் என்பதால் அதைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த இரண்டு மாத்திரைகள். என்ன பெயர் என்று நீங்கள் எழுதவில்லை. சளிக்குக் கொடுக்கிற பழைய ரக மாத்திரைகள், தூக்க மாத்திரைகளில் பல, அடிக்கடி சிறுநீர் போவதைக் குறைக்கும் சில மாத்திரைகள் எல்லாம் வயதான மூளையைக் குழப்பக்கூடியவை, காலைத் தள்ளாட வைக்கக்கூடியவை. மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க முதியோர் நல மருத்துவர் 1991இல், வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதை அவர் முதலில் தயாரித்தது பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களை மனதில் வைத்துத்தான். இன்றுவரை திருத்தித் திருத்தி அந்தப் பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். பழைய ரகச் சளி, அலர்ஜி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகள் பலவும் அதில் இருக்கின்றன. தூக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையால் ராத்திரி குழம்பி எழுந்து, தடுமாறி விழுவது நான் அடிக்கடி பார்க்கிற கதை. அதற்காக இன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரைகளில் சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் அதுவே வேறு ஆபத்து. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், கடையில் நீங்களாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள். சீட்டைக் கொண்டுபோகாதீர்கள், பையைக் கொண்டுபோங்கள். சீட்டில் இருப்பது ஒன்று, வயிற்றுக்குள் போவது வேறொன்று.

இன்னொன்று. விழுந்ததில் தலையில் அடிபட்டதா? முதுமையில் மூளை சற்றே சுருங்கியிருக்கும். அதனால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ஓடுகிற சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியில்கூட அவை கசியலாம். கசிந்த ரத்தம் மெல்லச் சேர்ந்து, சில வாரங்கள் கழித்துத்தான் குழப்பமாகவோ நடைத் தடுமாற்றமாகவோ வெளியே தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சந்தேகமே வேண்டாம், ஸ்கேன் தேவையா என்று உடனே கேளுங்கள். இல்லத்தில் சேர்ப்பதற்கான மருத்துவச் சான்றிதழ் வாங்க ஒரு பெரியவரை என்னிடம் அழைத்து வந்தார்கள். பெட்டி படுக்கைகூடக் கட்டியாகிவிட்டது. அவருக்கு இருந்தது இதுதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் வீட்டுக்கே திரும்பிப் போனார். உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஆகும் என்று ஆசை காட்டவில்லை. இரண்டு வருட மறதி எங்கும் போய்விடாது. ஆனால் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் இந்த இரண்டு மாதச் சுமையை இறக்கிவிட முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. காது கேட்கிறதா, கண்ணாடி சரியாக இருக்கிறதா என்பதையும் அதே நடையில் பார்த்துவிடுங்கள்.

சரி, இதெல்லாம் பார்த்தாகிவிட்டது, நிலைமை பெரிதாக மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் எழுதியிருக்கிற விஷயங்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க பயங்கரமாக இருக்கும், ஆனால் தீர்வு சுலபம். சமைக்காத நேரத்தில் எரிவாயு வால்வை மூடி, கைக்கு எட்டாதபடி வைத்தால் முடிந்தது. அடுப்புக்காக ஒருவரை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை. விழுவதும் அப்படியே. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார். அவர்கள் எல்லோரும் இல்லத்துக்குப் போவதில்லை. விழுந்தார் என்றால் எலும்பு முறிந்ததா என்று எல்லோரும் கேட்பார்கள். நான் கேட்பது, தானாக எழுந்தாரா? எழ முடியாமல் எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார்? ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடப்பது எலும்பு முறியாவிட்டாலும் ஆபத்துதான். தசை நசுங்கும், நீர் வற்றும், அழுத்தம் பட்ட இடத்தில் தோல் புண்ணாகும். விழுந்த அதிர்ச்சியைவிடக் கிடந்த நேரம்தான் பலரை முடக்குகிறது.

முதியவரின் நிலையை அளக்க நாங்கள் இன்றும் கையில் எடுப்பது சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963இல் வெளியிட்ட ஆறு செயல்கள். குளிப்பது, உடை மாற்றுவது, கழிவறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுவது, சிறுநீர் மலம் அடக்குவது, தானாகச் சாப்பிடுவது. பெரும்பாலும் இதே வரிசையில்தான் கைவிட்டுப் போகும். குழந்தை எதைக் கடைசியில் கற்றதோ அது முதலில் போகும், முதலில் கற்றது கடைசிவரை நிற்கும். 1969இல் லாட்டன், பிராடி என்ற இருவர் இன்னொரு எட்டைச் சேர்த்தார்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, சமையல், வீட்டுவேலை, துணி துவைப்பது, வெளியே போய் வருவது, மருந்து, பணம். இவற்றையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து நீங்களே குறித்துப் பார்க்கலாம்.

குறித்துப் பார்த்தவர்கள் என்னிடம் வந்து, “டாக்டர், ஆறில் மூன்று போய்விட்டது, சேர்த்துவிடலாமா?” என்று கேட்பார்கள். அப்படி ஒரு பாஸ் மார்க் கிடையாது. ஆறும் போனவர்களை அழகாக வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. ஒன்றே ஒன்று போனதற்கு வீடே ஆட்டம் கண்டதும் உண்டு. எத்தனை போயிற்று என்பதைவிட முக்கியமானது, உதவி எப்போது தேவைப்படுகிறது என்பது.

இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் பெர்னார்ட் ஐசக்ஸ் என்ற பிரிட்டிஷ் முதியோர் நல மருத்துவர். 1976இல், நெவில் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து. முதியவரின் தேவையை அவர்கள் இடைவெளியால் அளந்தார்கள். சில தேவைகள் நாளுக்கு ஒரு முறைகூட வராது. துணி துவைப்பது, சாமான் வாங்குவது போல. யாராவது வாரத்துக்கு ஒரு தடவை வந்துபோனாலே போதும். சில தேவைகள் நாளுக்குச் சில முறை வரும், ஆனால் சொன்ன நேரத்துக்கு வரும். சாப்பாடு, மருந்து, உடை மாற்றுவது. இதற்கு ஆள் போட்டுக்கொள்ளலாம், காலையில் ஒருவர், மாலையில் ஒருவர். மூன்றாவது வகை, எப்போது வரும் என்று சொல்லவே முடியாதது. கழிவறை, ராத்திரி எழுந்து நடப்பது, விழுவது, கதவைத் திறப்பது. இதற்கு நேரம் குறிக்க முடியாது, ஆகவே பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆள் வேலை செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அங்கேயே இருந்தாக வேண்டும்.

உங்கள் அம்மா இரண்டாவது வகையிலிருந்து மூன்றாவதுக்கு நகர்ந்துவிட்டார் என்றுதான் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. நீங்கள் தேடுகிற அந்தக் கோடு எனக்குத் தெரிந்து இதுதான். அம்மாவை எவ்வளவு நேரம் தனியே விடலாம்? நாலு மணி நேரம் என்றால் வீடு தாங்கும். ஒரு மணி நேரம் என்றால் ஆள் உதவியோடு தாங்கும். பத்து நிமிஷம்கூட முடியாது, அதுவும் இருபத்து நாலு மணி நேரமும் என்றால், அது ஒருவர் செய்கிற வேலையே இல்லை. இல்லத்தில் அதையே மூன்று ஷிப்டில் பிரித்துச் செய்கிறார்கள், வார விடுமுறையோடு. அதை நீங்கள் ஒரே ஆளாக, முதுகு வலியோடு, லீவே இல்லாமல் செய்துகொண்டிருக்கிறீர்கள். செய்ய முடியவில்லையே என்று குற்ற உணர்ச்சியும் படுகிறீர்கள்.

இப்போது அந்த மூன்றேகால் மணிக்கு வருவோம். பகலை ஒரு குடும்பம் எப்படியாவது சமாளித்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் வருவார், ஆள் கிடைக்கும், அப்படி இப்படி ஓடிவிடும். ராத்திரிதான் உடைக்கும். என் அனுபவத்தில் குடும்பங்கள் கைவிடுவது மறதியால் அல்ல, தூக்கமில்லாததால். ஆகவே இன்றிலிருந்து பதினாலு நாள் ஒரு நோட்டில் கணக்கு எழுதுங்கள். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை போதும். எத்தனை மணிக்கு எழுந்தார், எதற்காக எழுந்தார் (கழிவறையா, பயமா, வலியா, வெளியே போகவா), திரும்பப் படுக்க எவ்வளவு நேரமானது, அவரைத் தூக்கிவிட ஒரு ஆள் போதுமா, இரண்டு ஆள் வேண்டுமா. கடைசியில் ஒரு வரி, நீங்கள் மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம், நடந்த உடனே எழுதுங்கள். களைத்த மூளை எல்லா ராத்திரியையும் ஒரே ராத்திரியாக்கிவிடும்.

இந்த நோட்டு பல விஷயத்துக்கு உதவும். கழிவறைக்காகவே நாலு முறை எழுகிறார் என்றால் அதற்கு வைத்தியம் இருக்கலாம், கட்டிலுக்குப் பக்கத்திலேயே கமோட் நாற்காலி வைத்தால் பாதி நடை குறையும். வலியால் எழுகிறார் என்றால் வலிக்கு மருந்து, தூக்க மாத்திரை அல்ல. ஒன்றுமில்லாமல் எழுந்து கதவுக்குப் போகிறார் என்றால் பகலில் எவ்வளவு தூங்குகிறார், வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். இது எதுவும் பலிக்கவில்லை என்றாலும் அந்த நோட்டு உங்கள் தம்பிக்கு அனுப்ப உதவும்.

இல்லம் என்ற முடிவுக்கு முன்னால், ராத்திரிக்கு மட்டும் ஒரு ஆள் வைத்துப் பார்க்க முடியுமா என்று யோசியுங்கள். வாரத்தில் மூன்று ராத்திரி நீங்கள் முழுசாகத் தூங்கினாலே பல விஷயம் வேறு மாதிரி தெரியும். பகல்நேரப் பராமரிப்பு மையம் இருந்தால் அதையும் பாருங்கள். பாத்ரூமில் பிடிமானக் கம்பி, வழுக்காத விரிப்பு, ராத்திரி விளக்கு, கதவு திறந்தால் மணியடிக்கிற சின்னக் கருவி, இவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஆனால் இதற்கெல்லாம் ஒரு கெடு வையுங்கள். ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெடு வைக்காவிட்டால், இன்னும் ஒரு மாசம் பார்ப்போம், இன்னும் ஒரு மாசம் பார்ப்போம் என்றே இரண்டு வருடம் ஓடிவிடும். ஓடினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆறு வாரத்துக்குப் பிறகும் ராத்திரிக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் நீங்கள் எழ வேண்டியிருக்கிறது, பத்து நிமிஷம் தனியே விட முடியவில்லை என்றால், வீடு போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில விஷயங்களுக்கு ஆறு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டும், வீட்டில் ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்ற நிலை. சாப்பிடும்போது அடிக்கடி புரையேறி நெஞ்சுச்சளி பிடிப்பது. உட்காரும் இடத்திலோ குதிகாலிலோ, அழுத்திவிட்டு எடுத்தாலும் மறையாத சிவப்பு. அது படுக்கைப் புண்ணின் முதல் படி, ராத்திரியும் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், முயற்சி செய்யாமலே எடை இருபதில் ஒரு பங்கு குறைவது. 50 கிலோ இருந்தவருக்கு இரண்டரைக் கிலோ. பெரியவர்கள் தளர்ந்த உடை போட்டிருப்பதால் இது யார் கண்ணிலும் படாது. மாதம் ஒரு முறை எடை பாருங்கள். ராத்திரி உண்மையிலேயே கதவைத் திறந்து வெளியே போய்விடுவதும் இந்த வரிசையில்தான். இவை வந்தால் முதலில் டாக்டர், கூடவே இல்லத்துக்கான விசாரணை. இரண்டையும் ஒன்றாகத் தொடங்குங்கள்.

அம்மாவின் கையை அழுத்திப் பிடித்ததைப் பற்றி. அதை எழுதியதற்கு நன்றி. மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. உங்களை நான் கொடுமைக்காரி என்று நினைக்கவில்லை. ஆனால் ‘பரவாயில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான்’ என்று தட்டிக்கொடுக்கவும் மாட்டேன். இது அபாய மணி. அடுத்த முறை தோல் கிழியலாம், அவர் விழலாம். கோபம் மேலே வருகிற அந்த நொடியில், அம்மா விழாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். ஐந்து நிமிஷம் அழுதாலும் பரவாயில்லை, கத்தினாலும் பரவாயில்லை. பெரிய முடிவு பிறகு வரட்டும், இந்த வாரமே இரண்டு ராத்திரிக்காவது வேறு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். பல இல்லங்களில் ஒரு வாரம், பத்து நாள் என்று தற்காலிகமாகவும் பார்த்துக்கொள்வார்கள். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். அது ஒத்திகையும்கூட, அந்த இடம் அம்மாவுக்குப் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும்.

பார்த்துக்கொள்கிறவரின் சுமையை அளக்கவும் ஒரு கேள்வித்தாள் உண்டு. ஸ்டீவன் ஸாரிட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1980இல் கொண்டுவந்தது. இப்போது பரவலாகப் பயன்படுத்துவது 22 கேள்விகள் கொண்ட வடிவம். உங்கள் டாக்டரிடம் கேட்டால் போட்டுப் பார்ப்பார். அம்மாவுக்கு எத்தனை பரிசோதனை வைத்தாலும் உங்களுக்கு ஒன்றும் வைக்காவிட்டால் பாதிப் படம்தான் தெரியும்.

உங்கள் தம்பி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பார்க்கிற அம்மா வேறு. மறதி உள்ள பலர் போனில் ஐந்து நிமிஷம் அருமையாகப் பேசுவார்கள். நலம் விசாரிப்பார்கள், சிரிப்பார்கள், பழைய கதை சொல்வார்கள். பழகிப்போன உபசார வார்த்தைகள் கடைசியில்தான் போகும். போனை வைத்த பிறகு நடப்பது அவருக்குத் தெரியாது. இதில் போனில் வாதாடிப் பிரயோஜனம் இல்லை. நோட்டின் பதினாலு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், விளக்கம் எழுத வேண்டாம். பிறகு, வந்து இரண்டு வாரம் அம்மாவோடு தனியாக இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்த நாட்களில் வீட்டில் இருக்காதீர்கள், இருந்தால் கை சும்மா இருக்காது. வர முடியாதென்றால் ராத்திரி ஆளுக்கான செலவை அவர் ஏற்கட்டும். இரண்டும் முடியாது, ஆனால் ‘நடக்காது’ என்று சொல்ல மட்டும் முடியும் என்றால், அந்தச் சொல்லுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்க மாட்டேன். டாக்டராக இப்படிச் சொல்லக்கூடாதோ என்னவோ, சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இவ்வளவு பேசினோமே, இதில் அம்மா என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே? மறதி இருக்கிறது என்பதால் விருப்பமே இல்லாமல் போய்விடாது. சொத்துக் கணக்கு புரியாதவருக்கும், யார் தன்னைக் குளிப்பாட்ட வேண்டும், யார் வேண்டாம் என்பது தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் காலை நேரத்தில் தெளிவு அதிகம் இருக்கும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ‘இல்லத்துக்குப் போகிறாயா அம்மா?’ என்று கேட்டால் பயந்துபோவார். ராத்திரி எதற்குப் பயமாக இருக்கிறது, விழுந்தால் யார் வந்து தூக்க வேண்டும், நான் குளிப்பாட்டுவது கூச்சமாக இருக்கிறதா என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். மகள் கழுவிவிடுவதைவிட நர்ஸ் செய்வதே மேல் என்று சொன்ன அம்மாக்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். மகளுக்கு அது அதுவரை தெரியாது. உங்கள் அம்மா நேர் எதிராகச் சொல்லலாம். சொன்னால் அதையும் கணக்கில் சேருங்கள். எதுவானாலும், பத்து நாள் ஊருக்குப் போய்வரலாம் என்று பொய் சொல்லி அழைத்துப்போய் விட்டுவிட்டு வராதீர்கள். எதற்காகப் போனோம் என்பதை மறந்துவிடுவார், ஏமாற்றப்பட்ட உணர்வு மட்டும் தங்கிவிடும்.

இல்லங்களைப் பார்க்கப்போகும்போது, அவர்கள் அழைக்கிற நேரத்தில் ஒரு முறை, சொல்லாமல் சாயங்காலம் ஒரு முறை போங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஊழியர் அங்கிருக்கும் பெரியவர் ஒருவரை எழுப்பி உட்காரவைக்கும்போது அவரோடு பேசிக்கொண்டே செய்கிறாரா, பக்கத்து ஊழியரோடு பேசிக்கொண்டே செய்கிறாரா என்று பாருங்கள். ராத்திரி ஷிப்டில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், அதில் நர்ஸ் உண்டா, விழுந்தால் எவ்வளவு நேரத்தில் உங்களுக்குத் தகவல் வரும், கட்டிப்போடுவதோ மயக்க மருந்து கொடுப்பதோ உண்டா, அதை யார் முடிவு செய்வார்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, அம்மா நாளை படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துப் பார்ப்பார்களா, திருப்பி அனுப்பிவிடுவார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் சேர்த்துவிட்டு, சரியாக அந்தச் சமயத்தில் நடுத்தெருவில் நின்றவர்கள் உண்டு. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சேர்த்தீர்களானால் முதல் சில வாரங்கள் கஷ்டம்தான். குழப்பம் கூடலாம். ‘வீட்டுக்குப் போகணும்’ என்று அழலாம். மறதி நோய் உள்ளவர்கள் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே ‘வீட்டுக்குப் போகணும்’ என்று சொல்வதுண்டு. அவர்கள் கேட்பது பெரும்பாலும் நாம் நினைக்கிற கட்டடத்தை அல்ல. ஆகவே அந்த ஒரு வாக்கியத்தை வைத்து முடிவு தப்பு என்று ஓடிவராதீர்கள். எடை, தூக்கம், தோல், முகம் இவற்றை வைத்து எட்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

நோட்டை இன்றிரவே தொடங்குங்கள். மாத்திரைப் பையோடு அம்மாவை இந்த வாரத்துக்குள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், தலை அடி பற்றி முதலில் சொல்லுங்கள். ஆனால் அதற்குள் தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், ஒரு பக்கம் கைகால் தளர்வு என்று எது வந்தாலும் வாரம் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்புறம் உங்கள் முதுகு. நாலு மாதமாகத் தள்ளிப்போடுகிறீர்கள் அல்லவா, அம்மாவின் ரத்தப் பரிசோதனைக்குப் போகிற அன்றைக்கே உங்களுக்கும் சேர்த்து ஒரு டோக்கன் வாங்கிவிடுங்கள்.